கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால்

“அம்மா, எங்கடை ஹோலுக்கு என்ன நிறம் அடிச்சா உங்களுக்குப் பிடிக்கும்?”

“கொப்பாவைக் கேள்.”

“அவரைக் கேட்டுட்டன். ‘இது வீடோ, ஐஸ்கிறீம் கடையோ’ எண்டு கேக்கிறார். நான் உங்களைத்தான் கேக்கிறன்.”

“சுவர் சுவராய் இருந்தாக் காணும், பிள்ளை. தேத்தண்ணி ஆறுது, குடி.”

நாலு வருடத்துக்கு முந்தைய அந்தப் பேச்சு, அப்பாவின் சவப்பெட்டியை வைக்க ஹோலை ஒதுக்கிக்கொண்டிருந்த காலையில் ஜெனிற்றாவுக்கு நினைவு வந்தது.

வீடுகளின் உள்ளறைகளை வடிவமைத்துக் கொடுப்பது அவள் தொழில். காங்கேசன்துறையில் கப்பலேற வருபவர்கள் தங்கும் விடுதியின் சுவர்களுக்கும் அவள்தான் நிறம் தேர்ந்தாள். மருதனார்மடத்தில் இருந்த சொந்த வீட்டில் மட்டும் அவள் சொல் எடுபடவில்லை. கணித ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்ற அப்பா நோர்மனுக்கு வெள்ளை ஒன்றுதான் நிறம். போர்க்கால இடப்பெயர்வு முடிந்து திரும்பியபோது புகைக்கரி படிந்து கிடந்த சுவர்களைத் தன் கையாலேயே வெள்ளையடித்த மனிதர் அவர்.

இரண்டு வருடமாகப் பாரிசவாதத்தில் படுக்கையாய்க் கிடந்தார். முந்தின நாள் அம்மா பியாட்றிஸ் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கையில் மூச்சு மெல்ல அடங்கிவிட்டது. அழுகையோடு எல்லோருக்கும் ஒரு நிம்மதிப் பெருமூச்சும் வந்தது. அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கடைசியாக மிஞ்சியது கண்ணாடி அலுமாரி. சில வருடங்களாகச் சுவரிலிருந்து அரையடி தள்ளி நிற்கும் அந்த அலுமாரி ஜெனிற்றாவின் கண்ணை உறுத்தும். ஒட்டி வைப்போம் என்று அவள் சொன்னபோதெல்லாம் அப்பாவின் பதில் ஒன்றுதான்: “காத்துப் போகவேணும்.”

அண்ணன் றொபினும் மச்சான் சயந்தனும் அதைத் தூக்கி நகர்த்தினார்கள்.

“என்னடி இது?” என்றான் றொபின்.

சுவரில் நிறங்கள். விரலகலக் கீற்றுகள், திட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாய், ஒரு கை எட்டும் தூரம் வரை. தொண்டைமானாற்று நீரின் பச்சை, பூசணிப்பழ மஞ்சள், மங்கிய ஊதா. எல்லாம் ஜெனிற்றா வேலைத்தலங்களிலிருந்து மிச்சம் கொண்டுவந்த பூச்சுகள். எறிந்துவிட்டேன் என்று அம்மா சொன்ன குட்டித் தகரங்களில் இருந்தவை.

வெளிநாட்டு ஓவியர்களின் படங்களைத் தொலைபேசியில் பார்த்துப் பார்த்துத்தான் அவள் வாடிக்கையாளரின் சுவர்களை நிரப்புவாள். அந்த மஞ்சளின் பக்கத்தில் இந்த ஊதாவை வைக்க அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

“போதகர் வாற நேரம். ஆக்கள் பாத்தா என்ன சொல்லுவினம்?” றொபின் வெள்ளை விரிப்பொன்றைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டான். பியாட்றிஸ் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

செபம் நடக்கையில் மின்விசிறிக் காற்றில் விரிப்பின் ஓரம் எழும்பி எழும்பி விழுந்தது. எழும்பும்போதெல்லாம் அப்பாவின் தலைமாட்டில் கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது.

“உவள் செத்தவீட்டுக்கும் டிசைன் பண்ணிப்போட்டாள்,” என்று பின்வரிசையில் யாரோ குசுகுசுத்தார்கள்.

சேமக்காலையில் மண் போட்டுத் திரும்பியதும் றொபின் கைச்சட்டையை மடித்தான்.

“சயந்தன், வாடா. அலுமாரியை உள்ளுக்கு வைப்பம். இந்த முறை சுவரோடை ஒட்டியே வைப்பம்.”

“அண்ணை, கொஞ்சம் பொறுங்கோவன்,” என்றாள் ஜெனிற்றா. “அம்மாவை ஒரு சொல்லுக் கேப்பம்.”

“அம்மா என்னத்தைச் சொல்லப்போறா? கொப்பாவைக் கேள் எண்டுவா. ஆரைப் போய்க் கேக்கிறது?”

சொன்னபிறகுதான் அவனுக்கே அது சுட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

பியாட்றிஸ் கதிரையில் இருந்தபடியே சொன்னாள்: “முதல் அது ஒட்டித்தான் நிண்டது.”

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“விரலளவு இடைவெளியிலை எனக்குக் கை உள்ளுக்குப் போகாது. பழைய பல்லுப் பிறஸைக் குச்சியிலை கட்டித்தான் பூசுவன். ஒருநாள் கொப்பா பேனை விழுந்திட்டுதெண்டு குனிஞ்சு பாத்தவர். பாத்திட்டுப் பேசாமல் எழும்பிப் போயிட்டார். நான் பயந்துபோனன். அடுத்தநாள் பாத்தா அலுமாரி அரையடி முன்னுக்கு நிக்குது. ஏனெண்டு கேட்டன். காத்துப் போகவேணுமாம்.”

அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. றொபின் அலுமாரியிலிருந்து கையை எடுத்தான்.

பியாட்றிஸ் எழுந்து போய் விரிப்பைக் கழற்றினாள். இரண்டு வருடமாக நோயாளியின் கட்டிலில் விரித்து மடித்த பழக்கத்தில், முனையோடு முனை சேர்த்து நாலாக மடித்துக் கதிரையில் வைத்தாள். மேற்கு யன்னலால் வந்த வெயில் வெறும் ஹோலைக் கடந்து சுவரில் ஏறியிருந்தது. பச்சைக் கீற்று முடிந்து வெள்ளை தொடங்கும் இடத்தில் கையை வைத்தாள். கண்கள் மேலே, கூரை வரை போய் வந்தன.

ஜெனிற்றா பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஜெனி,” என்றாள் பியாட்றிஸ், சுவரைப் பார்த்தபடியே. “எனக்கு ஒரு பெரிய பிறஸ் வாங்கித் தாறியே?”