மூத்தவளின் தவணை நாள்

கழுத்துப் பொத்தான் மட்டும் மாட்டவே மாட்டேன் என்றது. மூத்தவள் ஒரு கையால் அப்பாவின் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் அதைத் துளைக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடும்மா, இனி யார் பாக்கப் போறாங்க" என்றாள் அத்தை.

மூத்தவள் விடவில்லை. அப்பா லிப்ட் பழுதுபார்ப்பவர். தொங்குகிற துணி எந்திரத்தில் மாட்டிக்கொள்ளும் என்று வேகாத வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்டே திரிந்த மனிதர். மூன்றாவது முயற்சியில் பொத்தான் உள்ளே போனது. இந்தக் கூடத்தில் அதைக் கவனிக்க ஆள் இல்லை. எல்லோரும் சின்னவளைச் சுற்றி இருந்தார்கள்.

அழுதாலும் அழகாக இருக்கிறவர்கள் சிலர் உண்டு. சின்னவள் அந்த ரகம். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அவள் விசும்ப விசும்ப, வந்தவர்கள் நேராக அவளிடம் போய் உட்கார்ந்து தலையைத் தடவினார்கள். பிறகு எழுந்து மூத்தவளிடம் வந்து, நாற்காலி போதுமா, ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கியாச்சா, வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். அம்மா போனபோதும் இப்படித்தான். அப்போது சின்னவளுக்கு ஆறு வயது, அதனால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. இப்போது அவளுக்கு இருபத்தாறு.

"பாவம், சின்னது தலையில கடன் வேற இருக்கு. ஒத்தையா எப்படிக் கட்டப் போகுதோ" என்று அத்தை பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்வது காதில் விழுந்தது.

மூத்தவளுக்குச் சுருக்கென்றது. அவளும் கடன் வாங்கித்தான் படித்தாள். படித்து முடித்து, கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று, எழுத்து தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்று ஊர்க்கண்ணையெல்லாம் சோதித்து, ஒன்பது வருடம் கட்டினாள். கடன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டதில் வந்த இரண்டு வரன்களும் வேறு வீடு பார்த்துப் போய்விட்டன. அப்போதெல்லாம் அவளைப் பார்த்து ஒருவரும் பாவம் என்று சொன்னதில்லை.

சின்னவள் கடனுக்கு வழியும் இருந்தது. அது இந்தக் கூடத்தில் மூத்தவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் அப்பா தெளிவாகத்தான் பேசினார்.

"சின்னவ கடனுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கேன். என் உசுருக்கு. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா மிச்சம் மொத்தமும் அடைஞ்சிடும். ஆனா பேங்குல போய்ச் சொல்லணும், லேட்டாக்கினா தர மாட்டாங்க. அவளுக்குத் தெரியாது. நீ சொல்லிடு."

"என் கடனுக்கு ஏம்பா போடல?"

"அப்ப எனக்கு என்னம்மா தெரியும்? படிக்கிறப்பவே வட்டி ஏறும்னுகூடத் தெரியாது. எல்லாம் உன் கடனைப் பாத்துத்தானே கத்துக்கிட்டேன்."

பெருமையாகத்தான் சொன்னார். மூத்தவள் போர்வையை இழுத்துவிட்டு மருந்து வாங்கப் போனாள். அவள் படித்த காலத்தில் வட்டி சத்தமில்லாமல் ஏறி, வேலையில் சேர்ந்தபோது கடன் பூதமாக நின்றது. சின்னவள் படித்தபோது அந்த வட்டியை அப்பாவே மாதாமாதம் கட்டிவிட்டார். மூத்த பிள்ளையை வைத்துப் பழகி, சின்னப் பிள்ளையை ஒழுங்காக வளர்த்திருக்கிறார். சாயங்காலம் அவருக்கு மூச்சு நின்றது. செத்தும் சின்னவளுக்கே கொடுத்துவிட்டுப் போகிறார் என்பதுதான் மூத்தவளுக்கு முதலில் தோன்றியது. அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது.

சொல்லாமல் இருந்தால் என்ன? பொய் சொல்ல வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். கட்டட வரைபடம் போடுகிற வேலையில் சின்னவளுக்கு இவளைவிடச் சம்பளம் அதிகம். அவளும் கட்டட்டும். செருப்பு அறுந்தால் தைத்துப் போட்டு, தோழிகள் வெளியூர் கூப்பிட்டால் தலைவலி என்று சொல்லி, அவளும் ஒரு ஒன்பது வருடம் ஓட்டிப் பார்க்கட்டும். நேற்றிரவிலிருந்து இந்த நினைப்பை மூத்தவள் கீழே வைக்கவே இல்லை.

வண்டிக்கு இன்னும் நேரமிருந்தது. புடவை மாற்ற உள்ளறைக்குப் போனவள் பின்னாலேயே சின்னவளும் வந்து கதவைச் சாத்தினாள். கட்டிலில் உட்கார்ந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"உன்மேல எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமாக்கா?"

மூத்தவள் கொசுவத்தைப் பிடித்தபடி திரும்பினாள். கிண்டல் செய்கிறாளோ என்று பார்த்தாள். அப்படித் தெரியவில்லை.

"மாசம் பொறந்தா முதல் சனிக்கிழமை நீயும் அப்பாவும் ஜோடி போட்டுக்கிட்டு பேங்குக்குக் கிளம்பிடுவீங்க. நானும் வரேன்னு நின்னா, கடன் கட்டப் போறோம் உனக்கென்னடி வேலைன்னு அப்பா விரட்டுவாரு. ஜன்னல்ல நின்னு நீங்க தெரு திரும்புறவரைக்கும் பாத்துக்கிட்டிருப்பேன்."

"அது என்ன சுற்றுலாவா? வரிசையில நிக்கத்தானே போனோம்."

"எனக்கும் கடன் வந்தா என்னையும் கூட்டிட்டுப் போவாருன்னு நினைச்சேன். எனக்கு வந்தப்ப கவுன்டர்ல பணமே வாங்க மாட்டேன்னுட்டாங்க. கணக்குல இருந்து அவங்களே எடுத்துக்கிறாங்க. ஒரு தடவைகூட நாங்க சேர்ந்து போகல."

மூத்தவளுக்குப் புடவை கையிலேயே நின்றது. தவணையைத் தானாகப் பிடித்துக்கொள்ளட்டும் என்று அவளும் ஒரு காலத்தில் கெஞ்சியிருக்கிறாள். "தானா ஏறி இறங்குற பொட்டியை ரிப்பேர் பாத்தே என் ஆயுசு போச்சு, தானா போற பணத்தை நம்பச் சொல்றியா?" என்று அப்பா மறுத்துவிட்டார். முதல் வருடம் முழுக்க அவள் வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றாள். கட்டி முடித்ததும் எதிர்க்கடையில் டீ. அப்பா தன் டீயில் பாதியை அவள் டம்ளரில் ஊற்றி, "ஒரு மாடி இறங்கியாச்சு" என்பார். மாதம் தவறாமல் அதே வார்த்தை. அந்த டீக்கடையில்தான் அம்மாவைப் பெண் பார்க்கப் போன கதையைச் சொன்னார். லிப்ட் குழிக்குள் மாட்டிக்கொண்டு பயத்தில் அழுததையும் அங்கேதான் சொன்னார். வீட்டில் அவர் இதெல்லாம் பேசுகிறவர் இல்லை.

புடவையைச் செருகிக்கொண்டாள்.

"உன் கடனுக்கு அப்பா இன்சூரன்ஸ் போட்டிருக்காரு" என்றாள். "நீ இனி கட்ட வேண்டாம். திங்கக்கிழமை பேங்குக்குப் போகணும். நானும் வரேன்."

சின்னவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, இந்த முறை அழகில்லாமல், மூக்கு ஒழுக அழுதாள். மூத்தவள் அவள் முதுகைத் தட்டினாள். இத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அக்கா, அங்க போயிட்டு வர்றப்ப அப்பா என்னதான் பேசுவாரு? ஏதாவது சொல்லேன்."

"என்ன பேசுவாரு. ஒண்ணும் பேச மாட்டாரு."

"ஒண்ணுமேவா?"

"பணம் கட்டுவோம், வீட்டுக்கு வந்துடுவோம். அவ்வளவுதான்."

சின்னவள் அதை நம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. ஸ்ட்ரெச்சர் அடுக்குமாடியின் லிப்டுக்குள் நுழையவில்லை. நிமிர்த்திப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். அப்பாவோடு வேலை பார்த்த மீசைக்காரர் கண்ணைத் துடைத்தபடி வேண்டாம் என்று தலையாட்டினார். படி வழியாகவே தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

கீழே டிரைவர் பின்கதவைத் திறந்தார். உள்ளே அப்பாவை வைத்தது போக, பக்கத்தில் ஒரு சின்ன இருக்கை மட்டும் மிச்சமிருந்தது.

"ஒருத்தர்தாங்க உக்கார முடியும். மத்தவங்க கார்ல வாங்க."

"சின்னவ ஏறட்டும். அதுதான் ரொம்பத் தவிச்சுப்போயிருக்கு" என்றாள் அத்தை. "மூத்தவ விட்டுக்கொடுத்துடுவா."

சுற்றி நின்றவர்கள் வழிவிட, சின்னவள் புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். மூத்தவள் அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஒருவரையும் பார்க்காமல் கையை நீட்டி, கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினாள்.