டெல்பர்ட்டின் கடிதங்களில் எடுத்த கரி

1958 ஜூன் இரண்டாம் சனிக்கிழமை, பகல் பதினொன்றேகால் மணிக்கு, அரிசோனாவில் எங்கள் டஸ்ட்டி ஃபோர்க் ஊர்க் கைத்துப்பாக்கிக் கழகத்தின் ஏழு மேசைகள் மேலும் நிழல் விழுந்தது. மேகம் இல்லை, கூரை இல்லை. இருந்த ஒரே மரம் ஒன்றாம் மேசைக்கு மட்டும்தான் காவல். நிழல் ஆறு கோடைகள் நின்றது. வெப்பமானி பன்னிரண்டு டிகிரி இறங்கியதைச் செயலாளர் ஹோரேஸ் டில்லார்ட் வெள்ளரிக்காய் தின்றுகொண்டே குறித்துவைத்தார்.

இதற்குக் காரணம் வைனோனா ஸ்டக்கியின் கோபம். முழுக்க நியாயமான கோபம் என்பது என் அபிப்பிராயம். எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. போன வருஷம் ஜெயித்தவருக்கே கருவேல மரத்தடியில் இருக்கும் ஒன்றாம் மேசை. மற்ற ஆறு பேரும் வெயிலில் நிற்க வேண்டும். வெயில் என்றால் சும்மா வெயில் இல்லை. துப்பாக்கி நுனியில் நிற்கும் சின்ன இரும்புத் துண்டை நாங்கள் குறிமுள் என்போம். அதன் ஒரு ஓரத்தில் சூரியன் பட்டுப் பளபளத்தால் கண் ஏமாந்துபோகும், குண்டு அரை அங்குலம் தள்ளிப் போகும். அதனால்தான் எல்லோரும் போட்டிக்கு முன்னால் கார்பைடு விளக்கைக் கொளுத்தி, அதன் புகையில் குறிமுள்ளைக் காட்டிக் கரி பூசுவார்கள். பூசிய துப்பாக்கியை உறையில் போடக் கூடாது, கரி உரசிப் போய்விடும். பச்சைப்பிள்ளையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மேசைக்கு நடப்பார்கள். ஆனால் ஜூன் வெயிலுக்கு அந்தக் கரியும் பத்து நிமிஷத்தில் சாம்பல் பூத்துவிடும். நிழலில் நின்றவன்தான் ஜெயிப்பான், ஜெயித்தவன்தான் நிழலில் நிற்பான். இப்படியே ஒன்பது வருஷம் ஜெயித்தவன் டெல்பர்ட் ஸ்டக்கி. வைனோனாவின் முன்னாள் கணவன்.

ஒன்பது வருஷமும் இரண்டாவதாக வந்தவள் வைனோனா. அவளுக்கு வேண்டியது அந்த மேசை ஒன்றுதான். ஒவ்வொரு வருஷமும் டெல்பர்ட் மரத்தடியிலிருந்து ஒரே வசனத்தைச் சொல்வான்.

"வெயில் மேல பழி போடாத வைனோனா. உனக்குக் கை நடுங்குது, அவ்வளவுதான்."

அந்த வருஷம் அவளுடைய கார்பைடு டப்பாவில் ஈரம் இறங்கி, விளக்கு பற்றவே இல்லை. அடுத்தவரிடம் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. காரின் பின்பெட்டியில் ஒரு செருப்புப் பெட்டி கிடந்தது. கல்யாணத்துக்கு முன் டெல்பர்ட் எழுதிய நாற்பத்தொரு கடிதங்கள் அதில் இருந்தன, குப்பைமேட்டில் கொட்டக் கொண்டுவந்தவை. ஒன்றை எடுத்துக் கொளுத்தினாள். கல்யாணமானதும் கடலைக் காட்டக் கூட்டிப்போகிறேன் என்று எழுதிய கடிதம். அந்தப் புகையில் குறிமுள்ளைக் காட்டினாள். ஏறிய கரியைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர் இரண்டடி தள்ளி நின்றார். அவ்வளவு கறுப்பு. அதன் மேல் உட்கார்ந்த ஈ காணாமல் போய், திங்கட்கிழமை உள்ளூர் சலூனில் திரும்பி வந்தது.

முதல் பத்துக் குண்டும் நடுவட்டத்தில். இரண்டாம் சுற்றுக்கு, புகையிலையை விட்டுவிடுகிறேன் என்ற கடிதம். அதிலும் பத்தும் நடுவில். டெல்பர்ட்டும் விட்டுக்கொடுக்கவில்லை, ஒரே ஒரு புள்ளிதான் பின்னால் இருந்தான். கடைசிச் சுற்றுக்கு முன்னால் அவன் வழக்கமான வசனத்தைச் சொன்னான், கை நடுங்குகிறது என்று. இன்னொரு கடிதம் போதும் அவளுக்கு. அவளோ மீதி முப்பத்தொன்பதையும் பெட்டியோடு கொளுத்திவிட்டாள். முதல் குண்டு வெடித்ததும் கரி குறிமுள்ளிலிருந்து கிளம்பி ஏழு மேசைகளுக்கும் மேலே போய், பந்தல் போல நின்றுவிட்டது.

"அம்மாடி, என்னத்த எரிச்சே நீ?" என்று ஹோரேஸ் கேட்டார்.

"உங்க சாம்பியன் காப்பாத்தாத வாக்குறுதிய."

ஒரு புள்ளியில் ஜெயித்தாள். ஒன்பது வருஷம் தவம் கிடந்த மேசை கைக்கு வந்த அன்றே ஊரெல்லாம் நிழல், மேசைக்கு மவுசு போயிற்று. அவள் சிரித்த சிரிப்பில் டெல்பர்ட்டுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று பீச் பழப் பணியாரம் ஆளுக்கு மூன்று துண்டு.

ஒவ்வொரு ஜூனிலும் நிழல் வெளுக்கும். அப்போது கழகம் கூடி டெல்பர்ட்டைக் கடிதம் எழுதச் சொல்லும். அவன் சமையல் கற்றுக்கொள்கிறேன் என்றோ, உன் அம்மாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றோ எழுதுவான். வைனோனா கொளுத்துவாள், நிழல் மறுபடி கறுக்கும். வருஷா வருஷம் அவளே ஜெயித்தாள், அவன் இரண்டாவதாக வந்தான். யாரும் இதை விசேஷமாகப் பேசுவதில்லை.

1964இல் அவன் கொடுத்த கடிதம் எரிந்தது, புகையே வரவில்லை. சாராயம் எரிவது போல நீலமாக எரிந்து அடங்கியது. கரி ஒரு பொட்டுக்கூட இல்லை. எங்கள் கண் முன்னாலேயே நிழல் கலைந்து வெயில் இறங்கியது.

"என்னய்யா எழுதினே?" ஹோரேஸ் பதறினார்.

டெல்பர்ட் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தான். "அவ கை என்னைக்குமே நடுங்கினதில்ல. ஒன்பது வருஷமும் ஜெயிச்சது மரம், நானில்லன்னு எழுதினேன்."

வைனோனாவின் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன், வெயில் என்று பின்னால் சொன்னாள். பிறகு தன்னுடைய ஒன்றாம் மேசையிலிருந்து துப்பாக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏழாம் மேசைக்கு நடந்தாள்.

"ஆறாம் மேசை காலியா இருக்கு டெல்பர்ட். வா, வெயில்ல நில்லு. யாரு கை நடுங்குதுன்னு பாப்போம்."

இரண்டு பேரும் ஒரே கார்பைடு விளக்கில் கரி பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் இரண்டு புள்ளி அதிகம் எடுத்தாள். அதற்குப் பிறகு மரத்தடியில் யாரும் நிற்பதில்லை, ஐஸ் தேநீர் ஜாடி மட்டும் அங்கே இருக்கிறது. பழைய நிழலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் நாலாம் மேசைக்கு மேலே இன்னும் கலையாமல் நிற்கிறது. அவன் மாமியாரைப் பற்றி எழுதியதாக இருக்கும். வெண்ணெய் டப்பாவை நாங்கள் அதன் கீழேதான் வைக்கிறோம்.