பொன்னிக்காகத் தேய்த்த தரை

ஆதிமூலம் தன் வீட்டு உள்ளறையில் வேங்கைப் பலகை பாவிய செய்தி கேட்டுத் தெருவே வந்து பார்த்தது. எழுபத்தெட்டாம் வருடத்தில் அந்தத் தெருவில் அப்படி ஒரு தரை எவர் வீட்டிலும் இல்லை. செங்கம் சாலையில் தபால் கொடுக்கும் அவர், ஒரு வெள்ளைக்கார அம்மாள் வீட்டில்தான் மரத் தரையை முதன்முதலாகக் கண்டார். குனிந்து தடவிப் பார்த்தபோது மகள் பொன்னியின் முழங்கால்கள் நினைவுக்கு வந்தன.

பொன்னிக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. அதன்பின் பதினாறு வருடம் அவள் கையை ஊன்றித் தவழ்ந்தே வீட்டில் வளைய வந்தாள். காரை பெயர்ந்த சிமெண்டுத் தரை அவள் முட்டியையும் உள்ளங்கையையும் காய்ப்பேற்றியிருந்தது. வேலூரில் ஊனமுற்றோர் இல்லம் ஒன்றில் இப்போது காலுக்கு அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். அங்கேயே தையல் வேலையும் தருகிறார்களாம். அதில் சேர்வதா, வீட்டோடு இருப்பதா என்று பத்து நாள் வந்து தங்கி முடிவு செய்வதாக எழுதியிருந்தாள். தாயில்லாத பெண். அவள் வீட்டோடு இருந்துவிட வேண்டும் என்று ஊரே சாமியாக வணங்கும் மலையைப் பார்த்துத் தினமும் கும்பிட்டார் ஆதிமூலம்.

பலகை அறுத்துக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுத் தச்சர் ஜானி பாஷா. பாவுவதும் தேய்ப்பதும் தன் கையால்தான் என்று ஆதிமூலம் சொல்லிவிட்டார்.

"என்னாங்க இது, பூனை பிறாண்டின மாதிரி?" என்று வாசலில் நின்று சிரித்தார் பாஷா. "குறுக்கால தேய்க்காதீங்க. மர ரேகை போற போக்குல போங்க."

"ஒரு தபா தேய்ச்சுக் காட்டுங்களேன் பாய்."

"நான் தேய்ச்சா அது கூலி வேலை ஆயிடும். தபால் குடுக்கற கைக்கு இவ்ளோ வந்ததே ஜாஸ்திதான், போங்க."

ஆதிமூலம் ஆணித் தலைகளை உள்ளே இறக்கி, மரத்தூளில் வஜ்ரப் பசை குழைத்துக் குழிகளை அடைத்தார். உப்புத்தாளைக் கட்டையில் சுற்றிக்கொண்டு முதலில் முரடு, பிறகு நடுத்தரம், கடைசியில் நைஸ் என்று பதினெட்டு நாள் தேய்த்தார். இமையெல்லாம் மரத்தூள். பழைய பருத்தித் துணியைத் தரைமேல் இழுத்து, நூல் சிக்கிய இடத்தை மறுபடி தேய்த்தார். எல்லாம் முடிந்ததும் வேட்டியைத் தூக்கிக் கட்டி, மகளைப்போலவே கையூன்றி அறை முழுக்கத் தவழ்ந்து பார்த்தார். ஒரு சிராய்கூடக் குத்தவில்லை. பிறகு எண்ணெய் பூசினார்.

"எண்ணெய் கம்மியா போடுங்க. வழுக்கும்."

"வழுக்கணும் பாய். அவ சுலபமா நகரணும்."

பொன்னி நடப்பதாகத்தான் இரண்டு கடிதம் எழுதியிருந்தாள். காலில் இரும்புச் சட்டம் போட்டிருக்கிறார்கள், கக்கத்தில் கட்டை ஊன்றி நடக்கிறேன் என்று. ஆதிமூலம் நம்பவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இருபது வருடமாகக் கடிதம் படித்துக் காட்டியவர் அவர். கஞ்சிக்கு வழியில்லாத பிள்ளையும் தாய்க்கு 'நலம்' என்றே எழுதுவான் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு முறை வேலூர் போனபோதும் அவள் மாவுக்கட்டோடு படுத்திருந்ததைத்தான் பார்த்தார். அதனால் மகளுக்கு எட்டும்படி கண்ணாடியைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மாட்டினார். தாழ்ப்பாளையும் கீழே இறக்கினார்.

பேருந்து நிலையத்திலிருந்து அவளைத் தூக்கி வர நினைத்திருந்தார். அவள் முந்தைய பேருந்திலேயே வந்துவிட்டாள். எண்ணெய்த் துணியோடு அவர் நிமிர்ந்தபோது, அறை வாசலில் இரண்டு கட்டைகளை ஊன்றி பொன்னி நின்றுகொண்டிருந்தாள். பெற்ற மகளின் உயரம் அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"நைனா!" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். மூன்றாவது எட்டில் கட்டை வழுக்கியது. விழுந்தாள்.

"அடி பட்டுச்சா கண்ணு?"

அவள் கையூன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எதிரே சுவரில், உட்கார்ந்திருந்த அவள் முகத்துக்கு நேராகக் கண்ணாடி இருந்தது.

"இத ஏன் நைனா இவ்ளோ கீழ மாட்டின?"

அவர் துணியை மடித்தார், பிரித்தார்.

"எழுதினேனே. ரெண்டு தபா எழுதினேனே."

"எழுதினம்மா."

"நம்பலையா நீ?"

ஆதிமூலம் தலையைக் குனிந்துகொண்டார். பொன்னி அவர் கையிலிருந்த எண்ணெய்த் துணியைப் பார்த்தாள். பிறகு குனிந்து இரும்புச் சட்டத்தின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கையூன்றி எதிர்ச் சுவர்வரை தவழ்ந்து போனாள், திரும்பி வந்தாள்.

"பட்டு மாதிரி இருக்குது நைனா."

இனி உயிர் போனாலும் தவழ மாட்டேன் என்று அவள் இல்லத்தில் சொல்லியிருந்ததை அவர் பின்னால்தான் அறிந்தார். புண்பட்டவர் புண்படுத்தியவருக்குக் காட்டும் இரக்கத்தைவிடப் பெரிய பூசை வேறில்லை.

மறுநாள் ஆதிமூலம் முரட்டுத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எண்ணெயில் தாள் அடைத்துக்கொண்டது. சத்தம் கேட்டு வந்த பாஷா கேலி எதுவும் பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு எதிர்மூலையில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டார்.

"இப்ப குறுக்காலயே தேய்ங்க. பிடிப்பு வரும்."

ஏழு நாள் மாலை வேளைகளில் இருவரும் தேய்த்தார்கள். பளபளப்பெல்லாம் போய்த் தரை கீறல் கீறலாக வெளுத்தது. கண்ணாடி மேலே ஏறியது. பொன்னி கட்டை ஊன்றி அறையில் தாராளமாக நடந்தாள். பார்க்கப் பார்க்க, அவள் வீட்டோடு இருந்துவிடுவாள் என்று ஆதிமூலத்துக்கு நம்பிக்கை வந்தது.

ஒன்பதாம் நாள் சோறு போடும்போது அவள் சொன்னாள். "வேலூர்லயே சேர்ந்துக்கறேன் நைனா."

"தரை இப்ப வழுக்கலையேம்மா."

"வழுக்கல நைனா. நல்லா இருக்குது." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அங்க நான் தவழ்ந்தத யாரும் பார்த்ததில்ல."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

மறுநாள் காலை வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. வாசற்படியின் விளிம்பில் பொன்னி ஒரு கணம் தடுமாறினாள். ஆதிமூலத்தின் கைகள் தானாக நீண்டன.

"விடு நைனா. நானே எறங்கறேன்."

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார். பொன்னி கட்டையைக் கீழே ஊன்றி ஒரு காலை இறக்கினாள். பிறகு மற்றதையும் இறக்கினாள்.