ஜெயக்கொடியின் பிகோனியா

செடி மொட்டு விட்டதை முதலில் பார்த்தது பக்கத்து வீட்டுக் குருவம்மாள்தான். அதில் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை உண்டு. விடிந்தால் அடைந்தால் அந்தத் தொட்டியே கதியென்று கிடந்தவள் நான். அவளோ அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்தவள், "ஏட்டி தங்கபாய், ஒம்மவ செடி காச்சிருக்கு" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். காயாவது கத்தரிக்காயாவது. மொட்டு அது. இலைக்கடியில் பச்சையாக இறுக மூடிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன நிறம் என்று தெரியவில்லை.

என் மகள் ஜெயக்கொடி ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். முப்பத்தேழாம் வருஷம் சீமைக்குத் திரும்பிய துரைசானி ஒருத்தி விட்டுப்போன பூந்தொட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்தாள். பிகோனியாவாம். இலையெல்லாம் வெள்ளிப் புள்ளி, பூ நல்ல சிவப்பு. ராஜபாளையத்துக்கு மேற்கே மலையில், ஓடைப் பாறை இடுக்கில் இதே சாதி வெள்ளையாகப் பூக்கிறது என்று யாரோ சொல்ல, மழைக்காலத்தில் அவள் அப்பாவை இழுத்துக்கொண்டு போய் அதையும் பிடுங்கிவந்தாள். ஒரே செடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவுக்குப் பின்னால் மூன்று இறக்கை வைத்த பிஞ்சு இருக்கும். மலைச்செடியின் ஆண் பூவைக் கிள்ளி, துரைசானி செடியின் பெண் பூவில் பதமாகத் தடவினாள். கல்யாண வயசில் இருக்கிற பெண் செய்கிற வேலையா இது என்று வைதேன். "வெள்ளயும் வராது, செவப்பும் வராது. என்ன வரும்னு ஆருக்குந் தெரியாதும்மா" என்று சிரித்தாள். அந்தக் காய் முற்றிக் காய்ந்தபோது அவள் டைபாய்டில் படுத்துவிட்டாள். தை பிறந்ததும் அடக்கம் பண்ணினோம்.

மூக்குப்பொடி மாதிரி இருந்த விதையை நான்தான் தூவினேன். முளைத்ததில் பாதியை நத்தை தின்றது. அதுகள் நாசமாய்ப் போக. மீதியைக் கோடை கொண்டுபோனது, தாய்ச்செடிகள் இரண்டும் சேர்ந்து போயின. ஒன்றே ஒன்று தேறியது. என் மகள் கையால் உண்டானது உலகத்தில் அது ஒன்றுதான். அதன் பூ என்ன நிறம் என்று பார்த்துவிட வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் மில் பிட்டர். அடக்கத்துக்குப் பிறகு வீட்டில் அவர் பேச்சு நின்றுபோயிற்று. போவார், வருவார், வைத்ததைத் தின்பார். தொட்டிப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். கல்லு மனுஷன் என்று மனசுக்குள் வைதிருக்கிறேன்.

சாவு விழுந்து வருஷம் திரும்பாத வீட்டில் வெள்ளையடிப்பதில்லை. கிறிஸ்மஸ் நெருங்கியும் நான் அதை நினைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிவந்து பெரிய பானையில் நீற்றினார். குருவம்மாள் மூக்கில் விரலை வைத்தாள்.

"கிறிஸ்மஸுன்னா அவ எம்புட்டு ஆசப்படுவா. அவளுக்குத்தான் அடிக்கேன்" என்றார்.

அவர் வாயிலிருந்து அத்தனை வார்த்தை வந்து எவ்வளவு காலமாயிற்று. நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். அதற்குப் பிறகு மில்லிலிருந்து வந்ததும் தினம் ஒரு சுவர் அடித்தார். இன்னொரு கரண்டி சோறு போடு என்று கேட்டுச் சாப்பிட்டார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் செடி துவண்டது. தண்டின் அடி வெந்த கீரையாகக் குழைந்திருந்தது. மொட்டை லேசாகத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. மண்ணின் மேல் வெள்ளையாக ஏடு படிந்திருந்தது. கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுட்டது.

அவர் பின்னால் வந்து நின்றார்.

"வாடுன மாரி இருக்குல்லா? நானும் தெனம் நீ ஒறங்குன பொறவு சுண்ணாம்புத் தெளிவு ஊத்திக்கிட்டுத்தான் வாரேன்."

"தெளிவா?"

"பானையில மேலாக்கத் தெளிஞ்சு நிக்கு. கைப்புள்ளயில அவ பால் கக்கும்போதெல்லாம் நீ அதத்தான குடுப்ப. அதுலதான தேறுனா."

பாவி மனுஷா, கொன்னுட்டீரே என்று வாய்வரைக்கும் வந்தது. அவரைப் பார்த்தேன். புருவமெல்லாம் சுண்ணாம்பு தெறித்து, பத்து வயசு கூடின மாதிரி இருந்தார். குனிந்து அந்தச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மொட்டை முந்தானைக்குள் பொத்திக்கொண்டேன்.

"கிறிஸ்மஸுக்குள்ள பூத்துருமா?"

"பூக்கும். செத்த பொறுங்க."

அவர் நிமிர்ந்து பானைக்குப் போனார். அடி கலங்கிவிடாமல் மேலாக ஒரு தம்ளர் மொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இன்னைக்கு நீ ஊத்து. ஒங் கையால குடுத்தாத்தான அவ மொகஞ் சுளிக்காமக் குடிப்பா."

வாங்கினேன். தம்ளரின் அடி தெரிகிற அளவுக்குத் தெளிந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்க, சிந்தாமல், வேர்ப்பக்கமாகச் சாய்த்து ஊற்றினேன். மண் உறிஞ்சி முடிக்கிறவரை அவர் குனிந்தே நின்றார்.