முந்தின நாளே போய்ச் சேர்ந்த கடிதம்

பூதக்கண்ணாடியை நாலாவது சட்டகத்திலிருந்த பழைய தபால் உறையின் மேல் வைத்துக் குனிந்த நடுவர் முதலில் "ம்ம்" என்றார். அப்புறம் சிரித்தார். திட்டியிருந்தால்கூட முத்திரையக்கா தாங்கியிருப்பாள். முப்பத்திரண்டு வருஷம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் மேசையில் நின்றவள் திட்டு வாங்காத நாளா? ஆனால் சிரிப்பு வேறு சங்கதி. அதுவும் தபால் உறைக் கண்காட்சிக் கூடம் நிறைய ஆள் இருக்கும்போது, பக்கத்துச் சட்டகத்துக்காரரான கண்ணாடிக்கடைக்காரர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது.

"என்னம்மா இது? பதினாலாம் தேதி விமானம் ஏறின கடிதம் பதிமூணாம் தேதியே போய் இறங்கியிருக்கு! புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே பள்ளிக்கூடத்துல சேர்த்த கதையால்ல இருக்கு?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்தார். இந்த உறையை வைக்கவே வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான். "உன் தபால் கிளம்பறதுக்கு முன்னாடியே போய்ச் சேருது, நீ மட்டும் எங்கயும் நேரத்துக்குக் கிளம்ப மாட்டேங்கற" என்று காலையில்தான் கிண்டல் பண்ணினார். இப்போது கிண்டல் வாயில் வரவில்லை.

விஷயம் இதுதான். நூறு வருஷத்துக்கு முன்னால், விரிகுடாவுக்கு அந்தப் பக்கமிருந்து இந்த ஊருக்கு முதன்முதலாக விமானத்தில் தபால் வந்தது. படகில் ஒரு நாள் பிடிக்கும் தூரம். துணியும் மரமுமாகக் கட்டிய ஒற்றையாள் விமானத்தில், பைலட் தபால் பையைத் தன் காலிடுக்கில் வைத்துக்கொண்டு முப்பத்தைந்தே நிமிஷத்தில் வந்து இறங்கினான். இருநூற்றுச் சொச்சம் கடிதங்கள். அப்படிப் பறந்து வந்த உறைகளைத் தேடித் தேடிச் சேர்க்கிற கூட்டம்தான் இந்தக் கூடத்தில் இருப்பவர்கள் எல்லாரும். உள்ளே இருக்கும் கடிதத்தை இவர்கள் யாரும் படிப்பதில்லை. முன்பக்கம் புறப்பட்ட ஊர் முத்திரை, பின்பக்கம் சேர்ந்த ஊர் முத்திரை, அவ்வளவுதான் வேண்டும். அக்காவுக்கு அந்த உறை பழைய புத்தகக் கடையில், ஒரு வைத்திய நூலுக்குள் பக்க அடையாளமாகச் செருகிக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த அன்றைக்கே அவளுக்கு என்ன நடந்திருக்கும் என்று புரிந்துவிட்டது. ஏழு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்து, இந்த வருஷம்தான் துணிந்து எடுத்து மாட்டினாள்.

நடுவர் தாளில் "போலி" என்று எழுதிவிட்டால் சட்டகம் இறங்கிவிடும். சட்டகம் போனால் போகட்டும். முத்திரை குத்திப் பிழைத்தவள் கள்ள முத்திரை வைத்தாள் என்று ஊர் பேசுமே, அதை எந்தத் தண்ணீரில் கழுவுவது?

"சார், எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்" என்றாள். "முத்திரைக்குள்ள தேதி அச்சு தனி. தினம் காலையில ஆபீஸ் திறந்ததும் முதல் வேலை, இடுக்கியால நேத்து தேதியைக் கழட்டி இன்னைக்குத் தேதியைப் போடணும். போட்டு, பதிவேட்டுல ஒரு தடவை குத்திப் பார்த்து, மேலதிகாரிகிட்ட கையெழுத்து வாங்கணும். அன்னைக்கு விமானம் இறங்கினது விடியக்காலை ஆறே முக்காலுக்கு. கண்காட்சி வாசல்ல மாட்டியிருக்கற அந்தக் காலப் பத்திரிகைச் செய்தியிலயே இருக்கு. ஆபீஸ் திறக்கறது எட்டு மணிக்கு. ஊரே மைதானத்துல நிக்குது, பேண்டு வாத்தியம் வேற. முத்திரை குத்தற மனுஷன் அதை எடுத்துக்கிட்டு மைதானத்துக்கு ஓடியிருப்பார். தேதியை மாத்த யாருக்கு ஞாபகம் வரும்?"

"கதை நல்லா இருக்கும்மா. ஆனா இப்படிப்பட்ட விசேஷ நாள்ல, இத்தனை பேர் பார்த்துக்கிட்டு இருக்கும்போது, எந்தத் தபால் நிலையமும் இப்படித் தப்புப் பண்ணாது."

அக்கா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கண்காட்சிக்காகத் தற்காலிகத் தபால் கவுண்டர் ஒன்று போட்டிருந்தார்கள். விமானப் படம் போட்ட சிறப்பு முத்திரை, வருகிறவர்களுக்கெல்லாம் ஞாபகார்த்தமாகக் குத்திக் கொடுப்பதற்கு. இன்று இரண்டாம் நாள். கவுண்டர்காரர் தாமதமாக வந்து, வரிசையைப் பார்த்துப் பதறி, பையைத் திறந்த கையோடு குத்த ஆரம்பித்ததை அவள் காலையிலேயே கவனித்திருந்தாள். இடுக்கியும் எடுக்கவில்லை, சோதனை முத்திரையும் குத்தவில்லை. போய்ச் சொல்லிவிடலாமா என்று கைகூட அரித்தது. ஓய்வு பெற்றவளுக்கு எதற்கு ஊர் வம்பு என்று வந்துவிட்டாள்.

"சார், காலையில கவுண்டர்ல நீங்கதான் முதல் ஆளா ஒரு கவர் வாங்கினீங்க. சட்டைப் பையிலதான் இருக்கு. கொஞ்சம் எடுத்துப் பாருங்களேன். இன்னைக்குத் தேதி என்ன?"

"பத்தொன்பது" என்றபடியே எடுத்தார் நடுவர். பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அது இல்லாமலே நன்றாகத் தெரிந்தது. பதினெட்டு.

உடனே கூடத்தில் அவரவர் தத்தம் உறையை எடுத்துப் பார்க்க, "ஐயோ, எனக்கும் பதினெட்டு!" "எனக்கும்!" என்று ஒரே களேபரம். வாசலில் கவுண்டர்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "யானைக்கும் அடி சறுக்கும், தபால்காரனுக்குச் சறுக்காதா?" என்றார் அக்காவின் வீட்டுக்காரர், கூடமே கேட்கும்படி. அவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

நடுவருக்கு முகம் சிவந்தது. நல்ல மனுஷர்தான், ஆனால் நாலு பேர் நடுவில் தோற்றால் நல்ல மனுஷருக்கும் நாக்கு நீளும். "சரி, தப்பு நடக்கலாம். ஆனா நடந்துச்சுன்னு எப்படி நம்பறது? பழைய முத்திரைகள் ஆபீஸ் பரண்ல கிடந்திருக்கும். நீங்க முப்பத்திரண்டு வருஷம் அங்க இருந்தவங்க. நான் தப்பாச் சொல்லலம்மா, நாளைக்கு எவனாவது கேப்பான்."

கேட்டுவிட்டார். எது வரக்கூடாது என்று பயந்தாளோ அது வந்தேவிட்டது. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, தெரிந்தவர் கெஞ்சினார் என்று தேதி தள்ளி அவள் முத்திரை குத்தியதில்லை. சொந்தத் தம்பி வேலைக்கு விண்ணப்பம் போட ஒரு நாள் பிந்திவிட்டான். "நேத்துத் தேதி குத்துக்கா, யாருக்குத் தெரியப் போகுது" என்று காலைப் பிடித்தான். குத்தவில்லை. அவன் இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை. அதையெல்லாம் இங்கே யாரிடம் போய்ச் சொல்வது?

"கொஞ்சம் இருங்க."

பேசியது கண்ணாடிக்கடைக்காரர். நாலு வருஷமாக அவருக்கும் அக்காவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவருக்கொருவர் உறை மாற்றிக்கொண்டபோது, அவள் கொடுத்ததன் மடிப்பு கிழிந்து பசை போட்டு ஒட்டியது என்று அவர் சொல்ல, பார்த்து வாங்க உனக்குக் கண்ணாடி இல்லையா என்று இவள் கேட்க, அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான். அக்காவின் சட்டகம் இறங்கினால் முதல் பரிசு அவருக்குத்தான். அது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"என் கடை எதிர்த்தாப்புலதான். அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு பழைய ஆல்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அவருடைய அப்பா சேர்த்தது. கடைசிப் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார். அதே விமானத்தில் பறந்த உறை. பின்பக்கம் இரண்டு முத்திரை, தோளோடு தோள் உரசியபடி. ஒன்று பதிமூன்று, இன்னொன்று பதினாலு. இரண்டின் வட்டத்திலும் இடது ஓரத்தில் அரிசி மணியளவு உடைசல். அக்காவின் உறையிலும் அதே இடத்தில் அதே உடைசல். கீழே அப்பாவின் கையெழுத்தில் மசியால், 'இரட்டை முத்திரை. கெட்டுப்போனது. காட்சிக்கு உதவாது.' அதன் பக்கத்தில் எழுதிய தேதி.

"இந்தத் தேதியைப் பாருங்க சார். அப்போ அக்கா பொறக்கவே இல்ல" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். பிறகு அவளைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்: "அசிங்கமா இருக்குன்னு அப்பா ஒளிச்சு வெச்சார். நானும் ஒளிச்சு வெச்சேன். பாதியில தேதி தப்புன்னு பார்த்து மறுபடி குத்தியிருக்காங்கன்னு இப்பத்தான் புரியுது. உங்களுது அவங்க கண்ணுல படறதுக்கு முன்னாடியே பட்டுவாடா ஆயிடுச்சு போலக்கா."

நாலு வருஷம் கழித்து 'அக்கா'. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பசை நான் போட்டதில்லப்பா, சத்தியமா" என்றாள். "தெரியும், விடுங்க" என்றார் அவர்.

நடுவர் குனிந்து இரண்டு உறையின் உடைசலையும் பூதக்கண்ணாடி வைத்து மாறி மாறிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முதல் வேலையாகத் தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். "மன்னிச்சுக்குங்கம்மா. இந்த ரெண்டையும் ஒரே சட்டகத்துல மாட்டணும்" என்றார். யாரோ கைதட்ட, கூடமே தட்டியது. அக்காவின் வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார்.

அதற்குள் கவுண்டர்காரர் ஓடி வந்தார். "அக்கா, பதட்டத்துல இடுக்கி பிடிக்க மாட்டேங்குது. நீங்களே மாத்திக் கொடுத்துடுங்களேன்."

அக்கா கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பதினெட்டைக் கழற்றினாள், பத்தொன்பதைப் போட்டாள், பதிவேட்டில் ஒரு தரம் குத்தி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். நிமிர்ந்தபோது வரிசை கூடத்தின் மறுகோடிவரை நீண்டிருந்தது. முதல் ஆளாக நடுவர். சட்டைப் பையிலிருந்த உறையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"பழசு மேல படாம, பக்கத்துலயே குத்துங்கம்மா" என்றார்.

தட். ஒன்று பதினெட்டு, இன்னொன்று பத்தொன்பது. நடுவர் மையை ஊதி ஊதிக் காயவைத்தபடியே, யார் தோளும் இடித்துவிடாமல் உறையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார்.