இடது கன்னத்துக்கு அறுத்த கட்டை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் மனைவி குல்சினா போன குளிர்காலத்தில் இறந்தாள். மாஸ்கோவில் கட்டட வேலை முடிந்து ஊர் திரும்பிய அவள் தம்பி எர்மெக், எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் அவர்கள் அப்பாவின் துப்பாக்கியைக் கேட்கிறான். அவள் நினைவாக மிஞ்சியதை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. அதன் பூர்வீகத்தைக் கண்டுபிடித்தால் கொடுக்காமலிருக்க ஒரு காரணம் கிடைக்கும் என்று எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 1938இல் துலா ஆயுதத் தொழிற்சாலையில் பிறந்த இந்த மோசின் துப்பாக்கி, போர் முடிந்து, எங்கள் அட்பாஷி மலைக்கு

(நிறுத்திவிட்டேன். குழாயில் ஒரு நட்சத்திரமும் ஆண்டும் இருக்கின்றன. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.)

2

இரும்பு ராணுவத்துடையது. தோளில் வைக்கும் மரக் கட்டை அப்படியல்ல. யாரோ அதை மூன்று விரல் அளவு அறுத்துக் குறைத்து, வலப்பக்கத்தில் கன்னம் பதியக் குழி செதுக்கியிருக்கிறார்கள். எர்மெக்கின் முதல் வேட்டைக்காக அப்பா செய்தது என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு.

"இப்ப எனக்குக் குட்டை மச்சான். பிளாஸ்டிக் கட்டை வாங்கியாச்சு. மரத்தை அடுப்புல போட்டுடலாம்," என்றான் எர்மெக் போனில்.

இரண்டாம் வரைவில், குல்சினாவே அதைத் தனக்காக அறுத்தாள் என்று எழுதினேன். [மலையேறினால் அவளுக்கு மூச்சு வாங்கும். இந்தப் பாத்திரத்தை நானே நம்பவில்லை.]

3

அவளுடைய பள்ளித் தோழி புருல்சாவிடம் போனேன். பால் கறந்துகொண்டிருந்தாள்.

"அந்தக் கட்டையை அறுத்தது யாரு?"

"கேக்கறது நீயா, வேட்டைக்காரக் கும்பலா?"

"நான்தான்."

"அவதான் அறுத்தா. நான் துப்பாக்கி மேல உக்காந்திருந்தேன்."

"மேலயா?"

"பின்ன, அறுக்கறப்ப ஆடாம இருக்க வேணாமா? பொம்பளை தாண்டினாலே வேட்டை படாதுன்னு, தீட்டுக் கழிய அதுக்குப் புகை போடுவானுங்க. நான் முழுசா உக்காந்தேன். அதை வச்சே அவ தம்பி மலையாட்டைச் சுட்டுட்டு வந்தான் பாரு."

சிரித்தாள். நான் கேட்டேன்: "தனக்காகவா அறுத்தா?"

"லூசா நீ? தம்பிக்கு. அவன் இடது கைக்காரன். வலது தோள்ல வைடான்னு அப்பா அடிப்பாரு. அறுத்ததைப் பார்த்தவரு ஒண்ணும் கேக்கலை. தானே செஞ்சதா ஊரெல்லாம் சொன்னாரு. பொண்ணு செஞ்சதுன்னா எவன் அவனைக் கூட்டிட்டுப் போவான்?"

4

முடிவுகள்.

சொல்லாமல் கொடுத்துவிடுகிறேன். கட்டை அடுப்புக்குப் போகிறது.

அல்லது, கட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அக்கா செய்தது அவனுக்குத் தெரியவே போவதில்லை. (எனக்கு மிக வசதியான முடிவு. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

அல்லது, எல்லாவற்றையும் சொல்கிறேன். அவன் வேட்டைக்காரன். பெண் உட்கார்ந்த துப்பாக்கியை அவன்

5

அந்த வாக்கியம் முடியுமுன் எர்மெக் வந்துவிட்டான், கட்டையைக் கழற்றக் கையில் திருப்புளியுடன். துப்பாக்கியை இறக்கி, இடது தோளில் வைத்துப் பார்த்தான். கன்னம் குழியில் உட்கார்ந்தது. வெகுநேரம் கன்னத்தை எடுக்கவில்லை.

"திட்டாம எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை அவரு. இதை மட்டும் செஞ்சு குடுத்தாரு."

அப்படி ஒரு வரியை நான் எந்த வரைவிலும் எழுதியிருக்கவில்லை. அவனுக்கு அக்காவைக் கொடுத்தால் அவனிடமிருந்து அப்பாவைப் பிடுங்க வேண்டும். ஆனால் அந்தப் பொய்யும் அவனுக்காக அப்பா செய்ததுதான்.

திருகாணியில் திருப்புளியை வைத்தவன் திருப்பவில்லை.

"அக்கா இதைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காளா மச்சான்?"

புருல்சா சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். எர்மெக் காத்திருக்கிறான். நான் பேனாவைக் கீழே வைக்கிறேன்; எடுத்துக்கொள்ளுங்கள்.