ஆதிமூலம் உட்கார்ந்த நாள்

"மிலிட்டரி ஓட்டல்ல இலை போடுறவனுக்கு எம் பொண்ணு இல்லக்கா. மிலிட்டரியிலயே சேரட்டும், அப்புறம் பாக்கலாம்."

தங்கராசு இதைச் சொன்னபோது, ஒருவன் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்வான் என்று நினைக்கவில்லை. பெண் கேட்டு வந்தவள் அவருடைய சொந்த அக்கா மீனம்பாள். மாப்பிள்ளை அவள் மகன் ஆதிமூலம். முறைப்பையனுக்கு இல்லை என்று நேராகச் சொல்ல வாய் வராமல் ஒரு சாக்கைச் சொல்லி வைத்தார். சீனாக்காரன் சண்டை முடிந்து, பட்டாளத்துக்கு ஊர் ஊராக ஆள் எடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. சாக்கு தானாக நாக்கில் வந்து விழுந்துவிட்டது.

உள்ளே கீரைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்த மகள் ரஞ்சிதத்துக்கு நைனா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவளுக்கு ஆதிமூலத்தைப் பிடிக்கும். செஞ்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டி செல்லப்பனின் மிலிட்டரி ஓட்டல். அதன் வாசலுக்கு எதிரே அவளுடைய கீரைக் கூடை. இலை நறுக்க வாசலுக்கு வரும்போதெல்லாம் அவன் இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பான். அவள் பார்க்காத மாதிரி பார்ப்பாள். இப்போது அந்தக் கல்யாணம் பட்டாளத்தின் கையில் போய் மாட்டிக்கொண்டது.

விழுப்புரத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆதிமூலம் போனான். மார்பு போதாது, எடை போதாது, உடம்பைத் தேற்றிக்கொண்டு அடுத்த தடவை வா என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவன் ஓட்டல் போர்டை அண்ணாந்து பார்த்தபடி நின்றான். தினம் அவன் துடைக்கிற போர்டுதான். அன்றைக்குத்தான் அதற்கு ஒரு அர்த்தம் இருப்பது அவனுக்கு உறைத்தது. மிலிட்டரிக்காரன் தின்கிற சாப்பாடு, அதனால்தானே இந்தப் பேர்? அதை ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு வீட்டில் போய்க் கூழைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

அன்றிலிருந்து அவன் வாயில் கறியைத் தவிர வேறொன்றும் போகவில்லை. காலையில் ஆட்டுக்கால் பாயா, மத்தியானம் சோறில்லாமல் வறுவல், ராத்திரி முட்டையும் கோழியும். மிஞ்சியதைத் தின்றுகொள் என்று செல்லப்பன் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். இவன் எதையாவது மிஞ்சவிட்டால்தானே. சோறு தின்றால் தொப்பை விழும் என்று ஒதுக்கினான். தண்ணீர் குடித்தால் வயிற்றில் கறிக்கு இடம் போய்விடும் என்று அதையும் குறைத்தான். வறுவலில் கிடக்கும் கறிவேப்பிலையைக்கூட, இலை என்ற ஒரே குற்றத்துக்காக, பொறுக்கி வெளியே போட்டான். செல்லப்பனோ தினம் வீட்டிலிருந்து வரும் முருங்கைக்கீரைச் சோற்றைத்தான் சாப்பிடுவார். முதலாளிக்குத் தன் ஓட்டல் அருமை தெரியவில்லையே என்று ஆதிமூலம் பரிதாபப்பட்டான்.

ரஞ்சிதம் சும்மா இருப்பாளா? ஒரு கட்டு முளைக்கீரையைத் தூக்கிக் காட்டி, பட்டாளத்தில் பச்சை டிரெஸ்தானே கொடுக்கிறார்கள், கொஞ்சம் பச்சை உள்ளேயும் போகட்டும் என்றாள்.

"ஆடு கீரையத் தின்னுது. நான் ஆட்டத் தின்றேன். எல்லாம் ஒண்ணுதான்" என்றான் அவன்.

"ஆடு தின்ன கீரை பொழுக்கையாப் போயிடுச்சு மாமா. உனுக்கு இன்னா மிச்சம்?"

முதலில் நன்றாகத்தான் இருந்தது. சட்டை மார்பில் இறுகியது. அவன் வேண்டுமென்றே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தண்ணீர்க் குடம் தூக்கினான். ரஞ்சிதம் வாயால் கிண்டல் செய்தாலும் மனசுக்குள் பந்தக்கால் நட்டுவிட்டாள். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கிட்டே வந்து பேசினால் வாயில் ஒரு வாடை. எப்போது பார்த்தாலும் தலைவலி. காலையில் ஏரிப்பக்கம் ஒதுங்கப் போகிறவன் வெயில் ஏறியும் திரும்புவதில்லை. செஞ்சிக் கோட்டையை முற்றுகை போட்டவன்கூட இத்தனை நேரம் உட்கார்ந்திருக்க மாட்டான் என்று செல்லப்பன் வாசலில் நின்று கத்துவார்.

அப்புறம் உட்காருவதே நின்றுபோனது. நின்றபடி சாப்பிட்டான், நின்றபடி இலை நறுக்கினான். அனந்தபுரத்துக்குக் கோழி வாங்கப் போகும்போது சீட்டெல்லாம் காலியாகக் கிடக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனான் என்று கண்டக்டர் சொல்லிச் சிரித்தார். ரஞ்சிதம் சிரிக்கவில்லை. ஒரு கோடையில் அவளுடைய நைனாவும் இப்படித்தான் நின்றார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் கல்யாணமாகாத பெண் முறைப்பையனிடம் போய் இதை எப்படிக் கேட்பது? பேர் வேறு ஆதிமூலம். முதலை வாயில் அகப்பட்ட யானை கூப்பிட்டதும் ஓடிவந்த சாமியின் பேர் என்று ஆசையாக வைத்தார்கள். அதற்குள்ளேயே ஒரு வியாதியும் குந்திக்கொண்டிருப்பதை யார் யோசித்தார்கள்? மோராவது குடி என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள். செலக்‌ஷன் முடியட்டும் என்றான்.

செலக்‌ஷனில் நடந்ததை அவன் சொல்லவில்லை. கூடப் போயிருந்த தளவானூர் இளையபெருமாள்தான் கூடைக்கு முன்னால் நின்று அவளுக்கு ஒன்றுவிடாமல் சொன்னான். மார்பு தேறியது, எடை தேறியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டமும் ஓடிவிட்டான். கடைசியில் தடுப்புத் துணிக்குப் பின்னால் டாக்டர் குனியச் சொன்னார். 'மூலம்' என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். வெளியே மேஜையில் எழுதிக்கொண்டிருந்தவர் பேர் என்ன என்று கேட்டார். இவன் ஆதிமூலம் என்றான்.

"வியாதிய டாக்டரே சொல்லிட்டாருய்யா. ஆதியிலேர்ந்து இருக்குதான்னா கேட்டேன்? உம் பேரச் சொல்லு."

வரிசை மொத்தமும் சிரித்ததாம். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. என்ன சாப்பிடுகிறாய் என்று விசாரித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். கறி நல்லதுதான், கறி மட்டும் என்பதுதான் கெடுதல்; நாரில்லாமல் மலம் இறுகித்தான் இந்த மூலம்; தண்ணீரும் குடிக்காமல் இப்படியே தின்றால் அடுத்தது கிட்னியில் கல் என்றார். கீரை, பழம், மோர் சாப்பிட்டுக் குணமாக்கிக்கொண்டு அடுத்த தடவை வரச் சொன்னார். வெளியே கொட்டகையில் நிஜ மிலிட்டரிக்காரர்கள் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் சப்பாத்தி, பருப்பு, முட்டைக்கோஸ். கறி கிடையாதா என்று ஆதிமூலம் கேட்டதற்கு, அது எப்போதாவதுதான் என்றார்களாம்.

ஊருக்குத் திரும்பியதும் அவன் நேராகச் செல்லப்பனிடம் போய், பிறகு எதற்கு மிலிட்டரி ஓட்டல் என்று பேர் வைத்தீர்கள் என்று நியாயம் கேட்டான். அவர் விழித்தார். கறி போடுவீர்களா என்று பெயிண்டர் கேட்டான், போடுவேன் என்றேன், அவனாக எழுதிவிட்டுப் போனான் என்றார். பட்டாளத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அங்கிருந்து ரஞ்சிதத்தின் கூடைக்கு முன்னால் வந்து நின்றான். இவனைக் கேலி செய்ய அவள் எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கூடையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"கீரை குடு."

"எந்தக் கீரை மாமா?"

"எல்லாந்தான்."

எல்லாவற்றிலும் ஒரு கட்டு எடுத்தாள். அடியில், மூலத்துக்குக் கைகண்ட மருந்தான துத்தி இலையையும் வைத்தாள். அதை எப்படி வதக்கிக் கொடுப்பது என்று அத்தை மீனம்பாளிடம் தனியாகப் போய்ச் சொன்னாள். விஷயம் தெரிந்ததும் தங்கராசு முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, அந்த வலி தெரிந்த மனுஷன் ஆகையால், தினம் தானே வரப்பில் துத்தி பறித்து அவள் கூடையில் போட்டார். ஆனால் சொன்ன சொல்லை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

ஆதிமூலம் கூழுக்குத் திரும்பினான். கொய்யாப்பழம் தின்றான், சொம்பு சொம்பாக மோர் குடித்தான். கறியும் தின்றான், சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற அளவுக்கு. வாய் வாடை போனது. காலையில் செல்லப்பன் கத்துவதும் நின்றது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், ஓட்டலில் கூட்டம் அடங்கியதும் அவன் கூடைப்பக்கம் வந்தான். அவள் பக்கத்திலிருந்த கருங்கல்லைக் காட்டி, பழக்கதோஷத்தில் உட்காரச் சொன்னாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் உட்கார்ந்தான். முகம் சுளிக்காமல், ஒரு பக்கமாகச் சாயாமல், சம்மணம் போட்டு.

ரஞ்சிதத்துக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அடுத்த நொடியே நெஞ்சில் கல் விழுந்தது. இனி எந்த டாக்டரும் இவனைத் திருப்பி அனுப்பமாட்டார். தன் கையாலேயே கீரை கொடுத்துத் தேற்றி, தானே இவனை அனுப்பி வைக்கிறோம்.

"இந்தத் தபா எடுத்துடுவாங்க இல்ல?"

"எடுத்துடுவாங்க."

"எங்க போடுவாங்க?"

"பனி கொட்டுற ஊருன்னு சொல்றாங்க."

"அங்க கீரை கெடைக்குமா மாமா?"

அவன் யோசித்தான். இதை யாரிடமும் கேட்டு வைக்க அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. அவள் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, காகிதத்தில் மடித்த முளைக்கீரை விதையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"ஒரு புடி மண்ணு இருந்தாப் போதும், மொளைச்சுக்கும். ஆடு தின்னாம பாத்துக்கோ."

அவன் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டு, பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உள்ளேயிருந்து செல்லப்பன் இலை போடக் கூப்பிட்டார். ஆதிமூலம் எழுந்திருக்கவில்லை.